செம்பருத்தி மகரந்தம்: ஃபோனில் 50 மைக்ரான், லேப்டாப்பில் 130 மைக்ரான். எது உண்மை?

மாடித்தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூடம் ஒன்று கழித்துக்கட்டிய மாணவர் நுண்ணோக்கி கைக்கு வந்திருக்கிறது. கண் வைக்கும் லென்ஸ் 10எக்ஸ். கீழே சுழலும் மூன்றும் 4, 10, 40. மாடியில் பூத்த செம்பருத்தியின் மகரந்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தட்டி, கீழே 10 லென்ஸைப் போட்டு, ஃபோன் கேமராவை மேலே பொருத்திப் படம் எடுத்தேன். வெளிச்ச வட்டத்துக்குள் முள் முளைத்த மஞ்சள் உருண்டைகள். அழகுதான், அதைவிட அளவு தெரிந்துகொள்ள ஆசை.

10 × 10 = 100 மடங்கு. ஃபோன் திரைமேல் ஸ்கேலை வைத்தால் ஓர் உருண்டை 5 மிமீ. 100ஆல் வகுத்தால் 0.05 மிமீ, அதாவது 50 மைக்ரான். அதே படத்தை லேப்டாப்பில் திறந்து அளந்தால் 13 மிமீ. அப்படியானால் 130 மைக்ரான். படமும் அதே, மகரந்தமும் அதே. இரண்டில் எதை நம்புவது?

பொட்டுக்கடலை

இதில் என்ன குழப்பம்? ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. படத்தின் அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தால் உண்மையான அளவு. 100 மடங்கு என்று கருவியிலேயே இருக்கிறது. ஃபோன், லேப்டாப் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டுக் கண்ணால் பார்த்து மதிப்பிடுங்கள்.

நைட்ஷிஃப்ட்_லேப்

சூத்திரம் சரிதான், அதில் போடுகிற எண்தான் சரியில்லை. 100 என்பது நீங்கள் கண்ணை வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் உருப்பெருக்கம். கேமரா நடுவில் வந்தவுடன் அந்த எண்ணுக்கு வேலை முடிந்தது. கேமராவின் லென்ஸ், திரையின் அகலம், நீங்கள் இரண்டு விரலால் பெரிதாக்கியது எல்லாம் சேர்ந்து புதிதாக ஓர் உருப்பெருக்கத்தை உண்டாக்குகின்றன. ஃபோனில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று, டிவியில் போட்டால் இன்னொன்று.

இரண்டு விவரம் வேண்டும். கண்ணருகு லென்ஸின் விளிம்பில் 10எக்ஸுக்குப் பக்கத்தில் வேறு எண் ஏதாவது இருக்கிறதா? வெளிச்ச வட்டம் முழுதாகப் படத்தில் விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் அதன் குறுக்களவை ஃபோனிலும் லேப்டாப்பிலும் அளந்து சொல்லுங்கள். மகரந்தத்தை அளந்தபோது படம் எந்தப் பெரிதாக்கத்தில் இருந்ததோ அதே நிலையில் அளக்க வேண்டும்.

மாடித்தோட்டம்

10எக்ஸ்/18 என்று இருக்கிறது. 18 என்னவென்று தெரியாமலே விட்டுவிட்டேன். வட்டம் முழுதாக விழுந்திருக்கிறது. ஃபோனில் 60 மிமீ, லேப்டாப்பில் 156 மிமீ.

நைட்ஷிஃப்ட்_லேப்

அந்த 18தான் நமக்கு வேண்டியது. அதைப் புல எண் என்பார்கள். அதைப் பொருளருகு லென்ஸின் (கீழே சுழலும் மூன்றில் நீங்கள் போட்டிருப்பதன்) எண்ணால் வகுத்தால் நீங்கள் பார்க்கும் வட்டத்தின் உண்மையான குறுக்களவு வந்துவிடும். கண்ணருகு லென்ஸின் 10ஐ இதில் சேர்க்கக் கூடாது. நிறையப் பேர் 18ஐ 100ஆல் வகுத்துவிட்டு முழிப்பார்கள்.

18 ÷ 10 = 1.8 மிமீ. அதாவது 1800 மைக்ரான்.

ஃபோனில்: 5 ÷ 60 × 1800 = 150 மைக்ரான்.
லேப்டாப்பில்: 13 ÷ 156 × 1800 = 150 மைக்ரான்.

இரண்டும் ஒன்றாகிவிட்டன. உருப்பெருக்கம் என்ற எண்ணே தேவைப்படவில்லை பாருங்கள். உண்மையான உருப்பெருக்கம் தெரிய வேண்டுமானால் ஃபோனில் 60 ÷ 1.8, ஏறக்குறைய 33 மடங்கு. லேப்டாப்பில் 156 ÷ 1.8, ஏறக்குறைய 87.

ஆனால் லென்ஸில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி அப்படியே நிறுத்திவிடாதீர்கள். பழைய கருவியில் யாராவது கண்ணருகு லென்ஸை மாற்றிப் போட்டிருக்கலாம். 4 லென்ஸைப் போட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேலைத் தகடு வைக்கும் இடத்தில் வையுங்கள். வட்டத்தின் குறுக்கே நாலரை மில்லிமீட்டர் தெரிந்தால் 18 சரி. ஸ்கேலின் கோடு அந்த லென்ஸில் கரடுமுரடான பட்டையாகத் தெரியும். ஒரு கோட்டின் இடது விளிம்பில் தொடங்கினால் அடுத்த கோட்டுக்கும் இடது விளிம்பையே எடுக்க வேண்டும். ஓரிடத்தில் விளிம்பு, ஓரிடத்தில் நடு என்று எடுத்தால் அரைக் கோட்டுத் தடிமன் கூடும், அல்லது குறையும்.

எங்களைப் போல ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி. அணுக்களை எண்ணும் நியூபாவர் சேம்பரே எங்களுக்கு ஸ்கேல். நடுவிலுள்ள பெரிய கட்டம் 1 மிமீ. அதற்குள் 25 கட்டங்கள், ஒவ்வொன்றும் 0.2 மிமீ. அதற்குள்ளும் 16, ஒவ்வொன்றின் பக்கமும் 0.05 மிமீ, அதாவது 50 மைக்ரான். உங்கள் ஊரில் தெரிந்த லேப் இருந்தால் பழையதாக, முனை உடைந்த ஒன்று கிடைக்கும். கேட்டுப் பாருங்கள்.

பொட்டுக்கடலை

லேப்டாப்பில் 130 வந்தது, உங்கள் கணக்கில் 150. கிட்டத்தட்ட ஒன்றுதானே. அப்படியென்றால் 100 மடங்கு என்பது சரி, ஃபோன் திரை சின்னது என்பதால்தான் தப்பு வந்தது.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

தம்பி பொட்டுக்கடலை, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அது ஏன் கிட்டத்தட்ட வந்தது என்று பார்த்தால் 100 என்ற எண் எங்கிருந்து பிறந்தது என்பதே புரியும்.

நுண்ணோக்கி செய்பவர்கள் ஒரு தூரத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். 25 செ.மீ. கண் சிரமமில்லாமல் கிட்டத்தில் பார்க்கும் தூரமாக அதை எடுத்துக்கொள்வது மரபு. உங்கள் 1.8 மிமீ வட்டம், 25 செ.மீ. தள்ளி வைத்த 180 மிமீ வட்டம் போலக் கண்ணுக்குத் தெரியும். அதுதான் 100 மடங்கு. ஆகவே எந்தத் திரையிலாவது வெளிச்ச வட்டம் சரியாக 180 மிமீ அகலத்தில் விழுந்தால், 100ஆல் வகுத்தால் விடை அச்சு அசலாக வரும். இவருடைய லேப்டாப்பில் 156 விழுந்தது, அதனால் பக்கத்தில் வந்தது. வேறு லேப்டாப்பாக இருந்தால் தள்ளிப் போயிருக்கும். புரொஜெக்டரில் போட்டு வட்டம் 1.8 மீட்டர் அகலமாகிவிட்டால் அப்போது அது 1000 மடங்கு.

கண்ணால் பார்த்து மதிப்பிடுங்கள் என்று நீங்கள் முதலில் சொன்னதும் வீண் பேச்சு இல்லை. ராபர்ட் ஹூக் அப்படித்தான் செய்தார். ஒரு கண் நுண்ணோக்கியில், மற்றக் கண் பக்கத்தில் வைத்த அளவுகோலில். கொஞ்ச நேரம் பழகினால் பொருள் அளவுகோலின்மேல் மிதப்பதுபோல ஒன்றன்மேல் ஒன்று படியும். 25 செ.மீ. தூரத்தில் ஸ்கேலை வைத்து மாடித்தோட்டம் இதைச் செய்தால் மகரந்தம் 15 மிமீ அளவுக்குத் தெரிய வேண்டும். அப்போது தாராளமாக 100ஆல் வகுக்கலாம்.

ஹூக் தக்கையைச் சீவி எடுத்துப் பார்த்த கதை எல்லோருக்கும் தெரியும். 'செல்' என்ற பெயர் வைத்ததோடு பாடப்புத்தகங்கள் நிறுத்திவிடுகின்றன. 1665இல் வெளியிட்ட நூலில் அவர் கணக்கும் போட்டிருக்கிறார். ஓர் அங்குலத்தின் பதினெட்டில் ஒரு பங்கு நீளத்தில் சுமார் 60 அறைகள் வரிசையாக இருந்தன. 60 × 18 = 1080, எனவே ஓர் அங்குலத்தில் 1080. சதுர அங்குலத்தில் 11,66,400. கன அங்குலத்தில் 125 கோடியே 97 லட்சத்துச் சொச்சம். இதை நம் அலகுக்கு மாற்றினால் 25.4 மிமீயை 1080ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 23.5 மைக்ரான். தன் கருவி எத்தனை மடங்கு பெரிதாக்குகிறது என்பதை அவர் இந்தக் கணக்கில் இழுக்கவே இல்லை. தெரிந்த நீளத்துக்குள் எத்தனை அடங்குகின்றன என்று எண்ணினார், வகுத்தார், முடிந்தது.

தேன்மொழி_துபாய்

இழையைக் கடத்துவதாக நினைக்க வேண்டாம். என் மகள் கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ உயிரியல் படிக்கிறாள். பழைய வினாத்தாள்களை வீட்டில் பிரின்ட் எடுத்துப் போட்டுப் பார்ப்போம். 'ஏபி கோட்டை அளந்து உண்மையான நீளத்தை மைக்ரோமீட்டரில் எழுதுக' என்று வரும் (மைக்ரானைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்), பக்கத்தில் ×600 என்று உருப்பெருக்கம் கொடுத்திருப்பார்கள். விடைக் குறிப்பில் கோடு 42 மிமீ, விடை 70 என்று இருந்தது. எங்களுக்கு 39.5தான் வருகிறது, விடை 66. ஸ்கேலை மாற்றிப் பார்த்தாயிற்று. சூத்திரத்தில் தப்பு இல்லை.

நைட்ஷிஃப்ட்_லேப்

அக்கா, 39.5ஐ 42ஆல் வகுத்துப் பாருங்கள். 0.94. பிரின்டர் பக்கத்தை 94 சதவீதமாகச் சுருக்கியிருக்கிறது. 'ஃபிட் டு பேஜ்' என்ற தேர்வு தானாகவே விழுந்திருக்கும். அதை எடுத்துவிட்டு 'ஆக்சுவல் சைஸ்' என்று போட்டு அடியுங்கள். 42 வரும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

இதுவும் செம்பருத்திப் பிரச்சினையின் தங்கைதான் அம்மா. ×600 என்பது அந்தப் படம் முதலில் அச்சான தாளுக்கு மட்டும் உண்மை. தாள் சுருங்கினால் உருப்பெருக்கம் 564 ஆகிவிடுகிறது, ஆனால் பக்கத்தில் அச்சான 600 அப்படியே உட்கார்ந்திருக்கும்.

சில கேள்விகளில் எண்ணுக்குப் பதிலாகப் படத்தின் மூலையில் ஒரு சிறு கோடு போட்டு, 50 மைக்ரோமீட்டர் என்று எழுதியிருப்பார்கள். அளவுக் கோடு. அங்கே பிரின்டர் என்ன செய்தாலும் கவலை இல்லை. ஜெராக்ஸ் கடையில் ஊர் வரைபடத்தைப் பெரிதாக்கினால் அடியிலுள்ள கிலோமீட்டர் கோடும் கூடவே நீளுமே, அந்த மாதிரி. கோடு 20 மிமீ, அது 50 மைக்ரோமீட்டரைக் குறிக்கிறது என்றால் உருப்பெருக்கம் 20,000 ÷ 50 = 400. அதே தாள் 94 சதவீதமாகச் சுருங்கினால் கோடு 18.8 மிமீ, உருப்பெருக்கம் 376. பொருளின் அளவு மாறாது, ஏனென்றால் பொருளின் படமும் அதே விகிதத்தில் சுருங்கியிருக்கும்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். வகுப்பதற்கு முன்பே மில்லிமீட்டரை மைக்ரோமீட்டராக்கிவிட வேண்டும். 42 மிமீ என்றால் 42,000. அதன் பிறகு 600ஆல் வகுத்தால் 70. கடைசியில் மாற்றலாம் என்று விட்டால் 0.07 கையில் நிற்கும், அவசரத்தில் 1000ஆல் பெருக்குவதா வகுப்பதா என்று தடுமாறுவார்கள். சென்டிமீட்டரில் அளக்கவே வேண்டாம். நான் திருத்திய தாள்களில் பாதிப் பிழை அங்கேதான் பிறந்தது.

விடை வந்ததும் பொருத்தமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிவப்பணு 7, 8 மைக்ரான். சாதாரணக் குடல் பாக்டீரியா 2 மைக்ரான் நீளம். வெங்காயத் தோலின் செல் சில நூறு மைக்ரான். ஒரு செல்லுக்கு 70,000 மைக்ரான் என்று எழுதினால் அது 7 செ.மீ. நீளச் செல்!

யாழ்_தாவரவியல்

நான் பல்கலைக்கழகத்தில் இதையே கணினியில் செய்கிறேன். இமேஜ்ஜே என்று இலவச மென்பொருள் இருக்கிறது. திரையில் ஸ்கேல் வைக்கும் வேலையே இல்லை, எல்லாம் பிக்சல் கணக்கு. தெரிந்த நீளத்தின்மேல் ஒரு கோடு இழுத்து, இது இத்தனை மைக்ரான் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், பிறகு எதை அளந்தாலும் மைக்ரானிலேயே காட்டும்.

மாடித்தோட்டம் அண்ணாவின் படத்தில் வட்டம் 2400 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். 1800 ÷ 2400, ஒரு பிக்சலுக்கு 0.75 மைக்ரான். மகரந்தம் 200 பிக்சல் இருந்தால் 150. 100 மைக்ரானுக்கு ஓர் அளவுக் கோடு போட வேண்டுமென்றால் 133 பிக்சல்.

அந்தக் கோட்டைப் படத்திலேயே பதித்துவிட்டுத்தான் யாருக்கும் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் பொதுவாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். மறுமுனையில் இருப்பவர் 0.75 என்ற எண்ணை வைத்து அளந்தால் மகரந்தம் பாதியாகக்கூட ஆகிவிடலாம். பதித்த கோடு இருந்தால் அதுவும் சேர்ந்து சுருங்கும். 10 லென்ஸுக்கு எடுத்த எண்ணை 40க்குப் போட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு லென்ஸுக்கும் தனியாக எடுக்க வேண்டும். ஃபோனில் ஜூம் செய்து எடுத்தால் அதற்கும் தனி.

பொட்டுக்கடலை

சரி, கடைசியாக ஒன்று. ஆன்லைனில் 1600எக்ஸ் என்று யுஎஸ்பி நுண்ணோக்கி விற்கிறார்கள், விலையும் மலிவு. அதில் கண் வைக்கும் லென்ஸே இல்லை. இந்த 1600 எதைப் பெருக்கி வந்தது?

நைட்ஷிஃப்ட்_லேப்

எவ்வளவு பெரிய திரையை மனதில் வைத்தார்களோ, அந்தத் திரையைப் பெருக்கி வந்தது. சென்ஸாரில் விழும் சிறிய படத்தைப் பெரிய மானிட்டரில் விரித்தால் எந்த எண்ணையும் எழுதலாம். பரிசோதிக்கச் செலவே இல்லை. ஸ்கேலை அதன் கீழே வைத்து, 1 மிமீ இடைவெளி உங்கள் திரையில் எத்தனை மிமீயாக விழுகிறது என்று பாருங்கள். 120 மிமீ விழுந்தால் உங்கள் வீட்டில் அது 120எக்ஸ்.

இதைவிட முக்கியம், படம் பெரிதாவதும் விவரம் கூடுவதும் ஒன்றில்லை. ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873இலேயே எல்லையைச் சொல்லிவிட்டார். சாதாரண ஒளியில் மிக நல்ல லென்ஸுக்கே ஏறக்குறைய 0.2 மைக்ரானைவிடக் கிட்டே இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. மாணவர் நுண்ணோக்கியின் 40 லென்ஸில் பெரும்பாலும் 0.65 என்று ஓர் எண் இருக்கும், லென்ஸ் எவ்வளவு அகலமாக ஒளியைச் சேர்க்கிறது என்பதைச் சொல்வது. அதற்கு இந்த எல்லை 0.4 மைக்ரானைத் தாண்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் மங்கல்தான் பெரிதாகும். நான் காசு கொடுத்து வாங்க மாட்டேன். சர்க்யூட் போர்டு சால்டர் பார்ப்பதற்கு வேண்டுமானால் நல்லது.

காகித_லென்ஸ்

என்னிடம் ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது, ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய மடிப்புக் காகித நுண்ணோக்கி. 140 மடங்கு. இதில் ஒரே லென்ஸ், புல எண்ணெல்லாம் கிடையாது. மேலே சொன்ன கணக்கு எனக்கு எப்படிப் பொருந்தும்? ஸ்கேலும் உள்ளே நுழையாது.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

உள்ளே நுழைகிற அளவுகோலாகத் தேட வேண்டியதுதான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கிலேய மருத்துவர் வழி காட்டியிருக்கிறார். ரத்த அணுவின் அளவு அவருக்கு வேண்டியிருந்தது. மெல்லிய வெள்ளிக் கம்பியை ஓர் ஊசியில் இடைவெளியில்லாமல் நெருக்கமாகச் சுற்றி, ஓர் அங்குலத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணினார். அங்குலத்தை அதனால் வகுத்தால் கம்பியின் தடிமன். பிறகு அதே கம்பியைப் பொடியாக நறுக்கி, ரத்தம் இருந்த தகட்டிலேயே தூவிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்.

நீங்கள் வெள்ளிக்குப் போக வேண்டாம். பல இழை மின்வயரை உரித்தால் உள்ளே தலைமுடி போன்ற செப்பு இழைகள். ஒன்றை உருவி, பென்சிலில் 50 சுற்றுச் சுற்றி நகத்தால் நெருக்கிவிடுங்கள். 50 சுற்றும் சேர்ந்து 10 மிமீ இருந்தால் இழை 0.2 மிமீ தடிமன். அதில் ஒரு துண்டைத் தகட்டில் ஒட்டி, ஃபோனில் எந்த ஜூமும் மாற்றாமல் ஒரு படம். அதே நிலையில் உங்கள் பொருளுக்கு ஒரு படம். கம்பி 80 பிக்சல், பொருள் 30 பிக்சல் என்றால் 75 மைக்ரான். 140ஐ மறந்துவிடலாம்.

இழையை இழுத்துச் சுற்றாதீர்கள், செம்பு நீண்டு மெலியும்.

காகித_லென்ஸ்

வயர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை செய்துவிடுகிறேன். நன்றி ஐயா.

மாடித்தோட்டம்

4 லென்ஸில் ஸ்கேல் வைத்தேன், நாலரை வந்தது. ஆக 18 சரி. அதே தகட்டில் வேறு உருண்டைகளையும் அளந்தேன். 140இலிருந்து 165 வரை ஏறி இறங்குகிறது. இரண்டு சந்தேகம். வட்டத்தின் ஓரத்தில் இருப்பவை கொஞ்சம் நீள்வட்டமாகத் தெரிகின்றன. அப்புறம், முள்ளையும் சேர்த்து அளப்பதா, விட்டுவிடுவதா? முள் சேர்ந்தால் இரண்டு பக்கமும் கூடுகிறது.

யாழ்_தாவரவியல்

ஓரத்தில் தெரிவதை விட்டுவிடுங்கள் அண்ணா, லென்ஸும் ஃபோனும் சேர்ந்து ஓரத்தை இழுத்துவிடும். தகட்டை நகர்த்தி ஒவ்வொன்றையும் நடுவுக்குக் கொண்டு வந்து அளக்கலாம்.

உருண்டைப் பொருளில் இன்னொன்றும் உண்டு. ஃபோகஸை மேலே வைத்தால் மேற்பரப்பின் முட்கள் தெளிவாக இருக்கும், விளிம்பு மங்கிவிடும். நுண் திருகை மெல்லத் திருப்பி, வெளிவட்டம் எப்போது கூர்மையாகிறதோ அப்போது எடுத்த படத்தில்தான் உண்மையான குறுக்களவு கிடைக்கும். உலர்ந்த மகரந்தமா, நீர் விட்டதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நீர் ஏறினால் உப்பிவிடும், சில வெடித்தும் போகும். காய்ந்ததையும் நனைந்ததையும் ஒரே பட்டியலில் கலந்தால் ஏற்ற இறக்கம் இன்னும் அதிகமாகத் தெரியும்.

நைட்ஷிஃப்ட்_லேப்

முள்ளுக்கு இரண்டு வழக்கமும் உண்டு. எதைச் செய்தாலும் பக்கத்தில் 'முள் நீங்கலாக' அல்லது 'முள்ளோடு' என்று எழுதிவிடுங்கள். நானாக இருந்தால் உடலைத் தனியாகவும் முள்ளின் நீளத்தைத் தனியாகவும் அளப்பேன். முள்ளுக்கு 40 லென்ஸைப் போடுங்கள். அங்கே வட்டம் 0.45 மிமீ, உருண்டை வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு நிற்கும், முள்ளும் அளக்கிற அளவுக்குத் தெரியும். தகட்டின்மேல் மெல்லிய மூடுகண்ணாடி போட்டுவிட்டு அந்த லென்ஸை இறக்குங்கள், இல்லாவிட்டால் மகரந்தம் லென்ஸில் ஒட்டிக்கொள்ளும்.